குளம்பு சீவிய பின் குதிரை நொண்டுவது ஏன்?

இலாடம் அணியாத குதிரை ஒன்றை அதன் சொந்தக்காரர் காலையிற் கொட்டிலிலிருந்து வெளியே நடத்திச் செல்கின்றார். புற்றரையில் அது ஒழுங்காகவே நடக்கின்றது. பரற்கற்கள் நிறைந்த பாதையை அடைந்ததும் தயங்குகின்றது. அடியைக் குறுக்கிக் குறுக்கி வைக்கின்றது. பாதையின் ஓரத்துப் புல்லை நாடி ஒதுங்குகின்றது. முந்திய நாள்தான் அதன் குளம்புகள் சீவப்பட்டன. சீவியவர் கத்தியை ஆழமாக ஓட்டிவிட்டார் என்று சொந்தக்காரர் முடிவு செய்கின்றார். சீவியவரோ, குளம்பு பழகும் வரை சில நாட்கள் இப்படித்தான் இருக்கும் என்கின்றார். இருவர் கூற்றும் சில வேளைகளில் உண்மையாகும். இருவருமே தவறிவிடும் வேளைகளும் உள. அவ்வேளைகளில் துன்பப்படுவது வாயில்லாப் பிராணியேயாகும்.

ஈழத்துத் தமிழ் நேயர்களுக்குக் குதிரை அவ்வளவு பழக்கமான விலங்கன்று. நுவரெலியாவின் ஏப்ரல் மாதப் பந்தயங்களையும், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலிருந்து நெடுந்தீவின் வெளிகளில் தாமாகத் திரிந்து வரும் மட்டக் குதிரைகளையும் பலர் அறிவர். வண்டில் மாட்டைக் கயிறு கட்டி விழுத்தி அதன் குளம்பைச் சீவி இலாடம் அடித்ததைக் கண்ட முதியோரும் உளர். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. குதிரையின் குளம்போ ஒற்றையானது. ஒரு காலின் பாரம் முழுவதும் அந்த ஒரே குளம்பில் இறங்குகின்றது. ஆகவே அங்கே நேரும் சிறு பிழையும் பெரு நோவாகின்றது.

மனிதன் தன் நடுவிரலின் நுனியை மட்டும் ஊன்றி, அவ்விரலின் நகத்தையே பாதரட்சையாகக் கொண்டு நடப்பதாக எண்ணிப் பார்த்தால், குதிரையின் நிற்கும் முறை விளங்கும். நகத்துக்கு ஒப்பானது குளம்பின் வெளிச் சுவர். அதற்கு உள்ளே விரலின் கடைசி எலும்பாகிய குளம்பெலும்பு இருக்கின்றது. அந்த எலும்பு தரையில் தங்கி நிற்பதில்லை. சுவரின் உட்புறத்தோடு ஏறத்தாழ 550 முதல் 600 வரையான மெல்லிய இதழ்களாற் பிணைக்கப்பட்டுத் தொங்குகின்றது என்றே சொல்லலாம். ஒரு புத்தகத்தின் தாள்களை மற்றொரு புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செருகினால் இரண்டும் எவ்வாறு இறுகப் பற்றிக்கொள்ளுமோ, அவ்வாறே இந்த இதழ்கள் எலும்பையும் சுவரையும் பற்றி நிற்கின்றன. எலும்பின் கீழே, தரையைப் பார்த்தபடி இருப்பது அடித்தட்டு. குதிப் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவில் வந்து முடிவது, தொட்டால் இறப்பரைப் போல இருக்கும் ஒரு பகுதி. ஆங்கிலேயர் இதற்குத் தவளை என்று பெயரிட்டனர். இங்கே அதனை ஆப்பு என்றே அழைப்போம். சுவரும் அடித்தட்டும் சேரும் இடத்தில் வெளிர்நிறக் கோடு ஒன்று சுற்றிச் செல்லும். அதற்கு வெண்கோடு என்று பெயர். குளம்பு சீவுபவர் எல்லாரும் முதலில் தேடுவது இந்தக் கோட்டையே.

குளம்பின் சுவர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளர்கின்றது. கடினமான நிலத்தில் நெடுந்தூரம் நடக்கும் குதிரைக்கு இவ்வளர்ச்சி தானாகவே தேய்ந்துபோகும். கொட்டிலிலும் மெத்தென்ற புற்றரையிலும் நாளைக் கழிக்கும் குதிரைக்கு அது தேய்வதில்லை. நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு முறை கத்தியும் குறடும் அரமும் கொண்டு சீவ வேண்டியதாகின்றது. இலாடமில்லாக் குதிரை புதுமையானதொன்றன்று. ஆணியடித்த இரும்பு இலாடம் ஐரோப்பாவிற் பரவலாக வழங்கியது 1000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயாகும். அதற்கு வெகு முன்பு, கி.மு. 4 ஆம் நூற்றாண்டில், கிரேக்கப் படைத்தலைவனும் எழுத்தாளனுமாகிய சினொபன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், கொட்டிலின் வெளியே கையளவான உருண்டைக் கற்களை நாலைந்து வண்டிப் பாரம் கொட்டிப் பரப்பி அவற்றின்மேற் குதிரையை நிறுத்திவைக்குமாறு கூறியுள்ளான். குளம்பைக் கத்தியாற் கடினமாக்க முடியாது, நிலத்தாலேதான் முடியும் என்பது அக்காலத்தவருக்கே தெரிந்திருந்தது.

நொண்டலின் காரணங்களுள் மிகவும் சாதாரணமானது அடித்தட்டைக் கூடுதலாகச் சீவிவிடுதல். நலமான குளம்பில் அடித்தட்டின் தடிப்பு ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது மெல்லிய தட்டாகும். வெளிப்பார்வைக்குத் தேவையற்றதாகத் தோன்றும் செதில்களைக் கத்தி நீக்கும்பொழுது, எங்கே செத்த கொம்புப் பொருள் முடிகின்றது, எங்கே காப்புத் தட்டு தொடங்குகின்றது என்பதை அனுபவம் மிக்கவரும் சில வேளை தவறவிடுவதுண்டு. சீவிய அடித்தட்டு வழுவழுவென்று வெண்மையாக, கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்த அழகுக்குக் குதிரைதான் விலை கொடுக்கின்றது. பெருவிரலால் அழுத்தும்பொழுது தட்டு உள்ளே வளைந்து கொடுக்குமாயின் அது மிக மெலிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. நோவு சீவிய அன்றோ அடுத்த ஓரிரு நாட்களுக்குள்ளோ தொடங்கும். பெரும்பாலும் இரண்டு முன்கால்களிலும் ஒரே அளவாக இருக்கும். மெத்தென்ற தரையிற் குறைந்து கல்லிற் கூடும். நிற்கும் குதிரையின் பாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கை முன்கால்கள் தாங்குவதால், முறைப்பாடு முதலில் அங்கிருந்தே எழும்.

இரண்டு கால்களும் ஒருங்கே நோகும்பொழுது சொந்தக்காரர் ஏமாறுவது எளிது. ஒரு முன்கால் மட்டும் நோகுமாயின், அந்தக் கால் தரையிற் படும்போது குதிரை தலையை உயர்த்தும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். தலையாட்டத்தைப் பார்த்து எந்தக் கால் என்று சொல்லிவிடலாம். இரண்டும் நொந்தால் தலையாட்டம் இராது. குதிரை சோம்பல் கொண்டதுபோலக் குறுகிய அடி வைத்து நடக்கும். பிடிவாதம் என்றெண்ணி அதனை அடித்து ஓட்டுவோரும் உண்டு.

ஆப்பினையும் அளவுக்கு மீறிச் சீவுதல் கூடாது. கிழிந்து தொங்கும் ஓரங்களையும் அழுக்குத் தங்கும் மடிப்புகளையும் நீக்குவது முறையே. ஆனால் குதியின் பாரத்தை வாங்கித் தாங்கும் அந்த மெத்தையை வடிவுபடுத்துகிறோம் என்று செதுக்கினால், குதிரை குதியை ஊன்ற அஞ்சி நுனிக் குளம்பால் நடக்கத் தொடங்கும். சேற்றிலும் நனைந்த வைக்கோலிலும் நின்று ஆப்பின் நடுப்பள்ளம் அழுகி, கரிய கசிவும் துர்நாற்றமும் கொண்டிருக்குமாயின், சீவுதல் அந்தப் புண்ணை வெளிக்கொணர்ந்ததேயன்றி அதனை உண்டாக்கவில்லை. மழைக்காலத்தில் அடித்தட்டே நீர் குடித்து மென்மையாகிவிடும். கோடையில் தாங்கிய அதே அளவுச் சீவலை மாரியிற் குளம்பு தாங்காது.

அடுத்த காரணம் கோணமாகும். கவனிப்பின்றி விடப்பட்ட குளம்பு, நுனியில் நீண்டும் குதியில் உயர்ந்தும் அல்லது சரிந்தும் மாதக் கணக்கில் வளர்ந்திருக்கும். குதிரையின் தசைநாண்களும் மூட்டுகளும் அந்தக் கோணலுக்கே பழகிவிடும். ஒருநாள் வரும் சீவுபவர், நூலிற் கண்ட அளவுக்கு எல்லாவற்றையும் ஒரே அமர்விற் கொண்டுவர முயல்கின்றார். உயர்ந்திருந்த குதியைச் சட்டென்று தாழ்த்தினால், காலின் பின்புறமாக இறங்கிக் குளம்பெலும்பின் அடியிற் பிணைந்திருக்கும் மடக்குத் தசைநாண் மேலும் இழுபடுகின்றது. அத்தசைநாண் வளைந்து செல்லும் இடத்திலுள்ள ஓட வடிவச் சிற்றெலும்பின் மீதும் அழுத்தம் கூடுகின்றது. அடித்தட்டில் ஒரு கீறலும் இல்லாமலே குதிரை நொண்டுவது இதனால்தான். இடப்புறச் சுவரும் வலப்புறச் சுவரும் சமமின்றிச் சீவப்பட்டாலும் இவ்வாறே. ஒரு பக்கம் முதலில் தரையை மோத, மூட்டுகள் ஒவ்வோர் அடியிலும் முறுக்கப்படும். மாதங்களிற் பிழைத்ததை மாதங்களிலேயே திருத்த வேண்டும். ஒரு முறைக்குச் சிறிது என்று பல தவணைகளிற் சீவுவது சொந்தக்காரரின் பொறுமையைச் சோதிக்குமாயினும் குதிரையின் காலைக் காக்கும்.

வருடக் கணக்காக இலாடம் அணிந்திருந்த குதிரையின் இலாடத்தைக் கழற்றி, அன்றே சீவியும் விடுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இலாடம் சுவரைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்திருந்த காலமெல்லாம் அடித்தட்டு கல்லை அறியாதிருந்தது. அது மெலிந்திருந்தாலும் எவருக்கும் தெரியவில்லை. ஆணித் துளைகள் உள்ள இடத்திற் சுவர் உடைந்து சிதறும். இக்குதிரை சில காலம் கூசி நடப்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும் இதனைக் காட்டி, எந்த நோவையும் பழகுங்காலத்து நோவு என்று தள்ளிவிடும் வழக்கம் இலாடமில்லா முறையை ஆதரிப்போர் சிலரிடம் உண்டு. அது ஏற்கத்தக்கதன்று. பழகுங்காலம் என்பது குதிரை ஒவ்வொரு கிழமையும் முன்னையிலும் நன்றாக நடக்கும் காலமாகும். மோசமாகிக்கொண்டு போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

காட்டுக் குதிரைகளை ஒருவர் சீவுவதில்லையே, அவற்றின் குளம்புகள் குறையற்றனவாய் இல்லையா என்று கேட்பாரும் உளர். அவுஸ்திரேலியாவில் தாமாகத் திரியும் குதிரைகளின் கால்களைக் குவீன்சிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆராய்ந்தபொழுது, வெளிக்கு வடிவாகத் தோன்றிய குளம்புகளிலும் பழைய அழற்சியின் தடயங்களைக் கண்டனர். இயற்கை தேய்த்த குளம்பும் நோயற்றதென்று கொள்வதற்கில்லை.

சீவிச் சில நாட்களிலிருந்து இரண்டு கிழமை வரையான காலத்தில் திடீரென்று ஒரே காலில் மட்டும் கடும் நொண்டல் ஏற்பட்டால், முதலில் ஐயுற வேண்டியது குளம்பினுள்ளே சீழ் கட்டியிருப்பதை. காலைத் தரையிற் படவிடாது குதிரை நுனியை மட்டும் தொட்டு நிற்கும். கால் முறிந்துவிட்டதோ என்று சொந்தக்காரர் கலங்குமளவுக்கு அது கடுமையாக இருக்கும். குளம்பு சுடும். கணு மூட்டின் பின்புறத்தில் இரு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தால், நலமான நாளில் தேடித்தான் காணவேண்டிய நாடி, அன்று விரலைத் தட்டித் துள்ளும். மெலிந்த தட்டிற் கல் நசுக்கிய கன்றலிலிருந்தோ, வெண்கோட்டிலுள்ள சிறு பிளவின் வழியே மண்ணும் கிருமியும் புகுந்தோ சீழ் உண்டாகும். கொம்புச் சுவர் விரிந்து கொடுக்காத பெட்டியாதலால், உள்ளே கட்டிய சிறிதளவு சீழும் பெரும் அழுத்தத்தை ஏற்படுத்துகின்றது. வழி கிடையாவிட்டால் அது சுவரினுள்ளே மேனோக்கி ஏறி, உரோமமும் குளம்பும் சந்திக்கும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வெளியேறும். மிருக வைத்தியர் குளம்பை அழுத்தும் இடுக்கியால் நோவிடத்தை நாடி, சிறு துவாரமிட்டுச் சீழை வடித்துவிட்டால், சில மணி நேரத்திலேயே குதிரை காலை ஊன்றுவது கண்கூடு. இதற்கென்று அடித்தட்டை அகலமாகத் தோண்டுதல் ஆகாது. எப்சம் உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைப்பதும், மருந்துப் பூச்சு வைத்துக் கட்டுவதும் சீழ் இறங்குவதற்கு வழக்கமான துணைகள். ஏற்புவலிக் கிருமிக்கு மிக எளிதில் ஆளாகும் விலங்குகளுள் குதிரையும் ஒன்று. ஆகவே குளம்பிற் புண் கண்டவுடன் தடுப்பூசி காலத்தில் இடப்பட்டதா என்று பார்ப்பது வைத்தியரின் முதல் வேலைகளுள் ஒன்றாகும். குளம்பில் ஆணி ஏறியிருந்தாலோ, பதறி அதனைப் பிடுங்கிவிடக் கூடாது. இருந்தபடியே ஊடுகதிர்ப் படம் பிடித்தாற்றான் அது எதுவரை சென்றது என்று தெரியும்.

இவை எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, எலும்பையும் சுவரையும் பிணைக்கும் இதழ்களில் ஏற்படும் அழற்சி. லமினைட்டிஸ் என்று வைத்தியர் இதனை அழைப்பர். இதழ்கள் பிடி தளர்ந்தால் குளம்பெலும்பு குதிரையின் பாரத்தினாலேயே உள்ளே சுழலும் அல்லது கீழே அமிழும். முற்றிய நிலையில் அது அடித்தட்டையே துளைத்துவிடுவதுண்டு. நோயுற்ற குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே சாய்த்து, சுடுமணலில் நிற்பதுபோல மாறி மாறிக் கால் வைக்கும். திரும்பச் சொன்னால் திணறும். இந்நோய் சீவுதலால் வருவதென்று எண்ணுவோர் பலர். பெரும்பாலும் அது தீவனத்திலிருந்து வருவது. செழித்த புல்லிலும் தானியத்திலும் உள்ள சர்க்கரை, கொழுத்த குதிரைகளின், குறிப்பாக மட்டக் குதிரைகளின், குருதியில் இன்சுலினை மிகையாக உயர்த்துகின்றது. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த குவீன்சிலாந்து ஆய்வொன்றில், நலமாயிருந்த மட்டக் குதிரைகளின் குருதியில் இன்சுலினைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தபோது மூன்று நாட்களுக்குள் அவற்றுக்கு இந்த அழற்சி உண்டானது. ஆகவே கழுத்தின் மேற்புறம் கொழுப்புத் திரண்டு, குளம்பைச் சுற்றிக் குதிப் பக்கம் அகன்ற வளையங்கள் தெரியும் குதிரை, சீவிய மறுநாள் நொண்டினால், நோய் முன்பே உள்ளேயிருந்தது. கத்தி எடுத்த இரண்டு மில்லிமீற்றர் அதன் கடைசிப் போர்வையை நீக்கியது என்றே கருத வேண்டும். இங்கே சீவியவரை மாற்றுவதாற் பயனில்லை. தீவனத்தை மாற்ற வேண்டும், அதுவும் அன்றைக்கே.

குளம்போடு தொடர்பற்ற காரணங்களும் உண்டு. முழங்காலிலோ பின்தொடையிலோ மூட்டுவாதம் கொண்ட முதிய குதிரையின் காலை, சீவுவதற்காக நெடுநேரம் உயர மடித்துப் பிடித்திருந்தால், அடுத்த நாள் மூட்டு விறைத்து நொண்டும். அத்தகைய குதிரைக்குக் காலைத் தாழப் பிடித்து, இடையிடையே இறக்கி இளைப்பாறவிட வேண்டும். சீவிய மாலையிலே மேய்ச்சல் வெளியில் வழுக்கி விழுந்த குதிரையும் உண்டு. நாட்குறிப்பு மட்டும் சீவலைச் சுட்டிக்காட்டும்.

சொந்தக்காரர் உடனடியாகச் செய்யத்தக்கவை சிலவே. சவாரியை நிறுத்தி, ஆழமான மணலோ தடித்த வைக்கோற் படுக்கையோ உள்ள இடத்திற் குதிரையை விட வேண்டும். நான்கு குளம்புகளின் சூட்டையும் நாடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குளம்பு மட்டும் சுடுவதற்கும் இரண்டு முன்குளம்புகளும் சுடுவதற்கும் பொருள் வேறு என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். நடப்பதற்கு மட்டும் கூசுகின்ற குதிரைக்குத் திண்டு வைத்த இறப்பர்ச் சப்பாத்துகள் இக்காலத்திற் கிடைக்கின்றன. அவை நல்ல துணை. வலி நீக்கும் மருந்தை வைத்தியரைக் கேளாமற் கொடுத்தல் தீது. வலி மறைந்த குதிரை, ஓய்வு கொடுக்க வேண்டிய காலின் மீதே துள்ளி ஓடும். வைத்தியர் வரும் வேளையில் நோவிடமும் அகப்படாது. பிழை திருத்துவதாக எண்ணி மறுபடி சீவுவதும் வேண்டாம். வெட்டியெடுத்த கொம்பை ஒட்டவைக்க எந்த வைத்தியத்தாலும் இயலாது.

லேசான கூச்சம் மூன்று நான்கு நாட்களிற் குறைந்து வருமாயின் பொறுத்திருக்கலாம். காலை ஊன்ற மறுத்தாலோ, நாடி துள்ளினாலோ, பின்சாய்ந்து நின்றாலோ அன்றே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். அவர் தேவையேற்படின் நரம்பை மரக்கச் செய்து நோவு எந்த மட்டத்தில் உள்ளதென்று வரையறுப்பார். ஊடுகதிர்ப் படத்தில் எலும்பின் சாய்வையும் அடித்தட்டின் தடிப்பையும் அளப்பார். அப்படத்தைச் சீவுபவருக்கும் காட்டுதல் நன்று. எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர் அடுத்த முறை கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை, அளந்தே சீவலாம்.

மெலிந்த அடித்தட்டு தடிப்பதற்குச் சில கிழமைகள் முதற் சில மாதங்கள் வரை செல்லும். சுவரில் நேர்ந்த கோணலோ மேல் விளிம்பிலிருந்து புதிய கொம்பு இறங்கி வந்தாலன்றி மாறாது. குதிப் பக்கத்துக்கு அது நான்கைந்து மாதம். நுனிப் பக்கத்துக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம். சீவிய ஒவ்வொரு நாளும் குளம்பைப் பக்கவாட்டிலும் அடியிலும் படம் பிடித்துத் தேதியிட்டு வைத்திருப்பவர், அந்தப் புதிய கொம்பு எவ்வளவு கீழே வந்துவிட்டது என்பதை மாதந்தோறும் ஒப்பிட்டு அறியலாம்.